உதவித்தொகை வாங்கும்போது புதிதாக ஒரு நோய் வந்தால்: குமரி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் கேட்கும் கேள்விகள்

ஏற்கெனவே ஒரு குறைபாட்டுக்காக மாதாமாதம் அரசு உதவித்தொகை வந்துகொண்டிருக்கிறது. அதற்கிடையில் பக்கவாதமோ, பார்வை மங்கலோ, காது மந்தமோ, மனநோயோ புதிதாக வந்து சேர்கிறது. அலுவலகத்தில் சொல்ல வேண்டுமா, சொன்னால் தொகை கூடுமா, கிண்டிக் கிளறி உள்ளதையும் பறித்துவிடுவார்களா என்ற குழப்பம் அப்போதுதான் தொடங்குகிறது. அகஸ்தீஸ்வரம் முதல் விளவங்கோடு வரை எல்லாத் தாலுகாக்களிலும் கேட்கப்படும் கேள்விகள்தான் இவை. இங்கே சொல்லப்படும் தொகைகள் 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தவை. புதிய அரசாணை வந்திருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிய நோய் வந்ததை அலுவலகத்தில் சொல்லியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. உதவித்தொகை பெறுபவர் தமக்கு வரும் ஒவ்வொரு நோயையும் தெரிவிக்க வேண்டும் என்று நம் மாநிலத் திட்டங்களில் விதி கிடையாது. சொல்லாமல் இருந்தால் குற்றமும் இல்லை, தொகையும் நிற்காது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள், “இங்கெல்லாம் உடனே தெரிவிக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்” என்று போனில் சொல்லிப் பயமுறுத்துவதுண்டு. அந்த நாட்டு விதி அந்த நாட்டுக்கு.

சொல்லியே ஆக வேண்டியவை வேறு. அரசு வேலை கிடைத்தது, வேறொரு ஓய்வூதியம் வரத் தொடங்கியது, வீட்டை வேறு மாவட்டத்துக்கு மாற்றியது, தொகை பெற்றவர் இறந்தது ஆகியவற்றை மறைத்தால்தான் பின்னால் சிக்கல். வங்கிக் கணக்கு மாறினாலும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பணம் எங்கேயோ போய் முட்டி நிற்கும்.

ஆகவே புதிய நோயைத் தெரிவிப்பது உங்கள் உரிமை, கடமை அல்ல. உரிமை என்பதால், அதைப் பயன்படுத்தினால் நமக்கு என்ன கிடைக்கும் என்று முதலில் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு எல்லாம் வந்துவிட்டது. இவற்றைச் சேர்த்தால் சதவீதம் கூடுமா?

நோயின் பெயருக்குச் சதவீதம் கிடையாது. அந்த நோய் உடம்பில் விட்டுச் சென்ற குறைக்குத்தான் சதவீதம். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இருந்தவை 7 மட்டுமே. பார்வையின்மை, குறைபார்வை, செவித்திறன் குறைபாடு, கை கால் இயக்கக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, மனநோய் போன்ற பழகிய வகைகளோடு நடுக்குவாதம், தண்டுவட மரப்பு நோய், தசைச்சிதைவு, நாள்பட்ட நரம்பியல் கோளாறுகள், தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் அணு இரத்தசோகை, அமில வீச்சால் பாதிப்பு ஆகியவையும் அதில் உண்டு. சர்க்கரை நோய் இல்லை. இரத்த அழுத்தம் இல்லை. இதய நோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவையும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்பவர் படும் பாடு பட்டியலில் இருக்கும் சிலர் படும் பாட்டைவிடக் குறைந்ததா என்று கேட்டால், இல்லை என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் மருத்துவக் குழுவின் கையில் இருப்பது அந்தப் பட்டியல்தான்.

அதே சர்க்கரையால் காலை எடுக்க வேண்டி வந்தால் அது கை கால் இயக்கக் குறைபாடு. விழித்திரை கெட்டுப் பார்வை போனால் குறைபார்வை அல்லது பார்வையின்மை. இரத்த அழுத்தம் ஏறிப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தால் அதுவும் கணக்கில் வரும். குழுவின் முன் போய் “எனக்குச் சர்க்கரை இருக்கிறது சார்” என்று தொடங்குபவருக்கும், “வலது கண்ணில் ஒன்றுமே தெரியவில்லை, இடது கண்ணில் கை ஆட்டுவது மட்டும் தெரிகிறது” என்று தொடங்குபவருக்கும் கிடைக்கும் கவனம் வேறு வேறு.

எனக்கு 1,500 வருகிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு 2,000 வருகிறது. ஏன் இந்த வித்தியாசம்?

இரண்டும் இரண்டு துறைகளின் பணம். 1,500 ரூபாய் என்பது வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். அதற்கான கோப்பு தாலுகா அலுவலகத்தில், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் இருக்கும். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள, வறுமையில் இருக்கும் பெரியவர்களுக்கானது அது.

2,000 ரூபாய் என்பது மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை. அந்தக் கோப்பு நாகர்கோவிலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோயிலிருந்து குணமடைந்தோர் ஆகிய பிரிவுகளில் 40 சதவீதமே போதும். நடுக்குவாதம், தண்டுவட மரப்பு, தண்டுவடப் பாதிப்பு ஆகியவற்றுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. மற்றக் குறைபாடுகளில் “கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்” என்ற பிரிவில் நுழைய 75 சதவீதம் வேண்டும்.

ஒருவர் இரண்டையும் வாங்க முடியாது. உங்கள் புதிய நோய் பணத்தில் மாற்றம் கொண்டுவர வேண்டுமென்றால் இரண்டில் ஒன்று நடக்க வேண்டும்: மொத்தச் சதவீதம் 75-ஐத் தொட வேண்டும், அல்லது புதிய நோய் அந்தத் தனிப் பிரிவுகளில் ஒன்றாக இருக்க வேண்டும். போலியோவால் 50 சதவீதம் பெற்றவருக்கு இப்போது நடுக்குவாதம் வந்திருந்தால், அவர் 75-க்காக மல்லுக்கட்டத் தேவையில்லை. பிரிவு மாற்றிக் கேட்பதுதான் வழி. பலர் இதைக் கவனிப்பதில்லை.

காலுக்கு 60 சதவீதம் இருக்கிறது. இப்போது காதுக்கு 45 சதவீதம் என்கிறார்கள். மொத்தம் 105 தானே?

இல்லை, 75. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகளை அப்படியே கூட்டுவதில்லை. கணக்கு இப்படி: பெரிய சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 90-இலிருந்து அதைக் கழியுங்கள். மீதியைச் சிறிய சதவீதத்தால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரிய சதவீதத்தோடு கூட்டுங்கள்.

உங்கள் விஷயத்தில் 90-இலிருந்து 60 போக 30. அதை 45-ஆல் பெருக்கினால் 1,350. 90-ஆல் வகுத்தால் 15. 60-உம் 15-உம் சேர்ந்து 75. எல்லையை மிகச் சரியாகத் தொட்டுவிட்டீர்கள்.

காதுக்குப் பதிலாக ஒரு கண் பார்வை போயிருந்தால்? மறு கண் நன்றாக இருக்கும்போது ஒரு கண் மட்டும் முழுதாகப் போனால், குறைபாட்டை அளப்பதற்கான அரசின் வழிகாட்டி நெறிமுறைகள் தருவது 30 சதவீதம். அதே கணக்கைப் போட்டால் 10 கூடி 70 ஆகும். 75-க்கு ஐந்து குறைவு. தேங்காய் மட்டை தெறித்தோ, ரப்பர் மரத்தில் பால்வெட்டும்போது குச்சி குத்தியோ ஒரு கண்ணை இழந்தவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒரு கண் போனதற்கு 30 தானா என்று அவர்களுக்கு ஆத்திரம் வருவது நியாயமே. ஆனாலும் இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டுப் போனால், வேலை கெட்டு அலைந்த பிறகு வரும் ஏமாற்றம் இருக்காது.

சிறு வயதில் போலியோ வந்த கால். இத்தனை வருடம் சமாளித்தேன். இப்போது நல்ல காலும் தளர்கிறது, தோளும் வலிக்கிறது. இது புதிய நோயா, வயதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்கள். இதற்குத்தான் மிகக் குறைவாகப் பதில் கிடைக்கிறது. போலியோ தாக்கிப் பல பத்தாண்டுகள் கழித்து, தாக்கப்பட்ட தசைகளிலும் தப்பித்ததாக நினைத்த தசைகளிலும் புதிதாகப் பலவீனமும் களைப்பும் வலியும் தோன்றுவதை மருத்துவம் போலியோவுக்குப் பிந்தைய நோய்த்தொகுதி என்கிறது. அன்று செத்துப்போன நரம்பணுக்களின் வேலையையும் சேர்த்து இழுத்த மீதி நரம்பணுக்கள் காலப்போக்கில் ஓய்ந்துபோவதுதான் காரணமாகக் கருதப்படுகிறது. “வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று ஒதுக்கிவிடக் கூடியதல்ல.

தோள் விஷயம் வேறு. அக்குளில் கட்டையை வைத்தும், முழங்காலைக் கையால் அழுத்தியும் முப்பது நாற்பது வருடம் நடந்தவரின் தோள், உடம்பின் எடையைத் தாங்கத் தாங்க மூட்டாகவே இல்லாமல் காலாகிவிடுகிறது. தசைநார் கிழிந்து, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போகும். தலை பின்ன முடியவில்லை, பஸ் கம்பியைப் பிடித்து ஏற முடியவில்லை என்று பெண்கள் சொல்வது இதைத்தான். பழைய சான்றிதழில் ஒரு கால் மட்டும்தான் எழுதியிருக்கும். இப்போது மறு காலின் தசை வலுவும் தோள் மூட்டின் அசைவும் புதிதாக அளக்கப்பட வேண்டியவை. ஆகவே “பழைய போலியோதான்” என்று நீங்களே சுருக்கிச் சொல்லிவிடாதீர்கள். எந்த உறுப்பு எந்த வருடத்திலிருந்து எந்த வேலைக்கு உதவாமல் போனது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எலும்பு மருத்துவரோ, உடலியல் மற்றும் மறுவாழ்வு மருத்துவரோ அளந்து எழுத வேண்டிய விஷயம் இது.

அப்பாவுக்குப் போன மாதம்தான் பக்கவாதம் வந்தது. உடனே அழைத்துப்போகலாமா?

சிகிச்சைக்கு உடனே, சான்றிதழுக்குப் பொறுத்து. பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில் இழந்தது ஓரளவு திரும்பி வரும். அதனால் நரம்பு சார்ந்த பாதிப்புகளை நோய் வந்து ஆறு மாதம் கழித்து மதிப்பிடுவதே முறை. அதற்கு முன் போனால் திருப்பி அனுப்புவார்கள் அல்லது தற்காலிகச் சான்று தருவார்கள். அந்த ஆறு மாதத்தை வீணாக்காமல் உடற்பயிற்சிச் சிகிச்சைச் சீட்டு, ஸ்கேன், வெளியேற்றச் சுருக்கம் என எல்லாவற்றையும் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். நடக்க வைக்கும் முயற்சியையும் விட்டுவிடாதீர்கள். சதவீதம் குறைந்துவிடுமே என்று பயிற்சியைத் தள்ளிப்போடும் வீடுகளும் இருக்கின்றன. அது பெரிய தவறு. 500 ரூபாய் கூடுதலுக்காக ஒரு மனிதரைக் கட்டிலில் கிடத்துவது கணக்குக்குக்கூட ஒத்துவராது.

புதிய நோயைச் சொல்லப் போய், பழைய சதவீதத்தையும் குறைத்துவிட்டால்?

எல்லோர் மனதிலும் இருப்பது இந்தப் பயம்தான். “அப்படியெல்லாம் நடக்காது” என்று பூசி மெழுகுவதில் பயனில்லை. நடக்கலாம்.

நீங்களாகவே மறுமதிப்பீடு கேட்டுப் போனால் குழு முழு உடம்பையும் பார்க்க உரிமை உண்டு. பழைய சான்றிதழ் எழுதப்பட்ட காலத்தின் அளவுகோலும் இன்றைய அளவுகோலும் ஒன்றல்ல. மதிப்பீட்டு நெறிமுறைகள் 2018 ஜனவரியில் புதிதாக வெளியிடப்பட்டு, 2024 மார்ச்சில் மறுபடியும் திருத்தப்பட்டன. முன்பு ஒரு மருத்துவர் கண்ணால் பார்த்து 50 என்று போட்டதை, இன்று கோணமானி வைத்து அளந்து 42 என்று போடலாம். அது அவருடைய தவறாகவும் இருக்காது.

எங்கள் யோசனை இது. பழைய சான்றிதழில் 40, 45 என்று எல்லையோரத்தில் இருப்பவர், புதிய குறையும் சிறியது என்றால், அவசரப்பட வேண்டாம். கூட்டினாலும் 75 வராது, பிரிவும் மாறாது, அட்டையில் எண் மட்டும்தான் மாறும். அதற்காக உள்ள 1,500-ஐப் பணயம் வைக்கத் தேவையில்லை. மாறாக, பழையது 55-க்கு மேல் உறுதியாக இருக்கிறது, கால் இழப்பு போல மாறவே மாறாத குறை, புதியதும் கணிசமானது என்றால் தயங்காமல் போங்கள். நடுவில் இருப்பவர்கள் முதலில் புறநோயாளிப் பிரிவில் சாதாரண நோயாளியாகவே காட்டி, தோராயமாக எவ்வளவு வரும் என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். மருந்துச்சீட்டில் எழுதுவது சான்றிதழ் ஆகாது. பயம் வேண்டாம்.

எங்கே போக வேண்டும்? எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

மருத்துவ மதிப்பீட்டுக்கு ஆசாரிப்பள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கண், காது மூக்கு தொண்டை, எலும்பு, மனநலம் என்று துறைக்கு ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் சான்றிதழ் பணிக்கு உட்காருவதில்லை. இரண்டு குறைபாடு உள்ளவர் இரண்டு துறைக்கும் எந்தக் கிழமை என்று முன்கூட்டியே நல அலுவலகத்தில் விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. பேச்சிப்பாறையிலிருந்தோ கொல்லங்கோட்டிலிருந்தோ காலை முதல் பஸ் பிடித்து வந்து “இன்று காது மருத்துவர் இல்லை” என்ற பதிலைக் கேட்பது கொடுமை.

ஆதார், குடும்ப அட்டை, பழைய தேசிய அடையாள அட்டைப் புத்தகம், தனித்துவ அடையாள அட்டை (UDID), வங்கிப் புத்தகம், புகைப்படம் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. பலர் விட்டுவிடுவது பழைய மருத்துவச் சான்றிதழின் அசலை. புத்தகத்தில் சதவீதம் மட்டும்தான் இருக்கும். எந்த உறுப்புக்கு என்ன பாதிப்பு என்பது சான்றிதழில்தான் இருக்கும்.

காதுப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. ஒலி புகாத சிறிய அறையில் உட்காரவைத்து, காதில் கருவி மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அது மிக மெல்லிய கீச்சொலி. கேட்டும் அழுத்தாமல் இருந்தால் சதவீதம் கூடும் என்று யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நம்ப வேண்டாம். பதில்கள் முன்னுக்குப் பின் முரணாக வரும்போது பரிசோதகருக்குத் தெரிந்துவிடும். தலையில் மின்முனை ஒட்டி மூளைத்தண்டின் பதிலை நேரடியாக அளக்கும் சோதனைக்கு அனுப்பிவிடுவார்கள். அதில் நீங்கள் எதையும் அழுத்த வேண்டியதே இல்லை.

சிகிச்சை முழுவதும் திருவனந்தபுரத்தில். அந்தத் தாள்கள் இங்கே செல்லுமா?

செல்லும். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் வைத்தியம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. அங்கிருந்து வந்த ஸ்கேனும் அறுவைச் சிகிச்சைக் குறிப்பும் நோயின் வரலாற்றுக்கு நல்ல ஆதாரம். சான்றிதழ் மட்டும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் மருத்துவ அதிகாரியிடம் பெறுவதே சுலபமான வழி. குறைபாட்டுக்காகச் சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலும் பெறலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் உதவித்தொகை தமிழ்நாட்டுப் பணம் என்பதால் ஆசாரிப்பள்ளம் வழியே போனால் பின்னால் கேள்வி குறையும்.

கேரளப் பக்கம் பாறசாலையிலும் ஒரு முகவரி இருக்கிறது. இரண்டு பக்கமும் வாங்கலாமா?

கூடாது. குறைபாட்டுக்கான சலுகையை மோசடியாகப் பெற்றாலோ பெற முயன்றாலோ, உரிமைகள் சட்டத்தின் 91-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அட்டை ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா?

புதிய விண்ணப்பம் போடவே போடாதீர்கள். உங்கள் ஆதார் ஏற்கெனவே ஓர் எண்ணோடு பிணைந்திருக்கிறது. இரண்டாவது விண்ணப்பம் இரட்டைப் பதிவாக மாட்டிக்கொண்டு இரண்டும் நகராமல் கிடக்கும். பழைய எண்ணைக் கொண்டே மறுமதிப்பீட்டுக்குக் கேட்க வேண்டும். இ-சேவை மையத்தில் கொடுப்பதானால், “புதிது இல்லை, இருக்கும் அட்டையில் மாற்றம்” என்று அழுத்திச் சொல்லுங்கள். பதிவெண் தாளை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

மதிப்பீடு முடிந்து புதிய அட்டை வந்தால் நிறம் மாறியிருக்கலாம். 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். சான்றிதழ் தர மருத்துவ அதிகாரிக்கு முன்பு ஒரு மாத காலம் இருந்தது. 2024 திருத்த விதிகள் அதை மூன்று மாதமாக்கிவிட்டன.

சதவீதம் 75 ஆகிவிட்டது. ஆனால் இன்னும் 1,500 தான் வருகிறதே?

சதவீதம் மாறியது தாலுகா அலுவலகத்துக்குத் தானாகத் தெரியாது. தெரிந்தாலும் அவர்களால் 2,000 தர முடியாது; அது அவர்கள் துறைப் பணமே அல்ல. நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒதுக்கீட்டைப் பொறுத்துக் காத்திருக்கவும் நேரிடும். அங்கே ஆணை கையில் வருவதற்கு முன்பே இங்கே ஓய்வூதியத்தை நிறுத்தச் சொல்லி எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் இல்லாமல் மாதக்கணக்கில் நின்றவர்கள் உண்டு. ஆணை வந்ததும் எழுதிக்கொடுங்கள். இரண்டும் ஒரே மாதத்தில் வந்துவிட்டால் அதையும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

நோய் வந்த நாளிலிருந்து நிலுவை கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். கிடைக்காது. ஆணைக்குப் பிறகுதான் பணம்.

மகன் அறிவுசார் குறைபாட்டுக்காக ஏற்கெனவே 2,000 வாங்குகிறான். இப்போது கண் பார்வையும் குறைகிறது. சொன்னால் கூடுமா?

பராமரிப்புத் தொகை கூடாது. 45 சதவீதத்துக்கும் 95 சதவீதத்துக்கும் அதே 2,000 தான். ஆனால் குளிப்பாட்ட, ஊட்ட, கழிப்பறைக்குக் கொண்டுபோக முழுநேரமும் ஓர் ஆள் வேண்டும் என்ற நிலை வந்திருந்தால், உயர் ஆதரவு தேவைப்படுவோரின் உதவியாளருக்கென மாதம் 1,000 ரூபாய் தரும் ஏற்பாட்டைக் கேட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் பார்வைக் குறைவும் பதிவாகியிருப்பது உதவும். பெரும்பாலும் அம்மாதான் அந்த உதவியாளர். வேறு ஆளை வைத்தால்தான் கேட்கலாம் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட வேண்டாம்.

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அதைச் சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடுமோ?

அட்டையில் குறைபாட்டின் வகை இருக்கும் என்பது உண்மை. பஸ்ஸில் நீட்டும்போது நடத்துநர் பார்க்கலாம். இந்தத் தயக்கத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். வீட்டில் திருமணப் பேச்சு நடக்கும் சமயமாக இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். முடிவு உங்களுடையது.

மனநோயை அளக்கத் தனி அளவுகோல் இருக்கிறது. தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கையும், நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள். ஆகவே கூட வருபவர் முக்கியம். குளிக்கச் சொன்னால்தான் குளிக்கிறார், மூன்று இடத்தில் வேலையை விட்டுவிட்டார் என்பதை நோயாளி சொல்ல மாட்டார். உடன் இருக்கும் அண்ணனோ மனைவியோதான் சொல்ல வேண்டும். மனநோய்க்குப் பெரும்பாலும் காலவரையறை உள்ள சான்றுதான் கிடைக்கும்.

தற்காலிகச் சான்று என்றால் என்ன செய்ய வேண்டும்?

முடியும் தேதியைச் சுவரில் எழுதிவையுங்கள். அதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே புதுப்பிக்கப் போங்கள். காலாவதியானால் தொகை நிற்கும் வாய்ப்பு அதிகம்.

அம்மா படுத்த படுக்கை. மலையிலிருந்து எப்படிக் கொண்டுவருவது?

கோதையாறு, குற்றியாறு பக்கமிருந்து வருபவர்களுக்கு இது உண்மையான பிரச்சினை. படுக்கையில் இருக்கும் புகைப்படம், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் குறிப்பு இரண்டையும் வைத்து, வீட்டிலோ அருகில் நடக்கும் முகாமிலோ மதிப்பிட ஏற்பாடு செய்யும்படி நல அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். நீங்கள் போனால் போதும். மருந்துக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் 2021-இல் தொடங்கிய “மக்களைத் தேடி மருத்துவம்” பணியாளர்கள் வீட்டுக்கே வருவார்கள். அவர்கள் குறித்து வைக்கும் பதிவும் ஆதாரம்தான்.

விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். அல்லது சதவீதம் குறைவாகப் போட்டிருக்கிறார்கள். அடுத்து?

முதலில் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். சான்றிதழ் மறுக்கப்பட்டால் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. வாய்வார்த்தையாக “உங்களுக்கு வராது” என்று அனுப்புவது நிராகரிப்பே ஆகாது. அதன் பிறகு சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம், தள்ளிப்போடாமல் செய்யுங்கள். மேல்முறையீட்டில் “நான் ஏழை, குழந்தைகள் இருக்கிறார்கள்” என்று எழுதுவதால் சதவீதம் நகராது. எந்த உறுப்பை அளக்கவில்லை, எந்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்கவில்லை, இரண்டு குறைகளைச் சேர்க்கும் கணக்கில் எங்கே பிசகு என்பதை எழுதுங்கள். கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரியவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பட்டியலில் இல்லாத நோய்க்கு எதுவுமே கிடையாதா?

சதவீதம் கிடையாது, சிகிச்சைக்கு வழி உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, டயாலிசிஸ், புற்றுநோய், இதய அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்குப் பயன்படும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்குத் தொடங்கி அந்த அட்டையை வாங்கிவிட்டு, பிறகு சதவீதத்தைப் பற்றி யோசிக்கலாம். உதவித்தொகையில் 500 கூடுவதைவிட அந்த அட்டை சில வீடுகளுக்கு அதிகம் மிச்சப்படுத்தும்.

75-க்கு மேல் வாங்கித் தருகிறேன், 10,000 கொடு என்கிறார் ஒருவர். நம்பலாமா?

மதிப்பீட்டுக்கோ சான்றிதழுக்கோ அட்டைக்கோ அரசுக்கு நீங்கள் கட்ட வேண்டிய கட்டணம் எதுவும் இல்லை. உங்களுக்கு நியாயமாக 75 வரும் என்றால் அவர் இல்லாமலே வரும். வராது என்றால், அவர் வாங்கித் தரும் தாளில் இருப்பது உங்கள் பெயர். நாளை சரிபார்ப்பில் 91-ஆம் பிரிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். அவருடைய பெயர் அந்தத் தாளில் எங்கேயும் இருக்காது.